கிளியரிங் நானாவும் வராத காசோலையும்

மலேசியாவில் எங்கள் தம்போயில் காசோலை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் ஒரு காசோலையைப் பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்து, தடவி, வழியனுப்பிவைத்து, அது போன இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் வந்து விசாரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வங்கிக் கிளையின் வாடிக்கையாளர். நாங்கள் அவரைக் கிளியரிங் நானா என்று கூப்பிட்டோம். காசோலையைப் பணமாக்கும் வேலைக்குக் கிளியரிங் என்று பெயர்; நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன்.

அவருடைய முழுப்பெயர் தகப்பனார் பெயரோடு சேர்ந்து கணினித் திரையில் இரண்டு வரி ஓடும். அதை யாரும் முழுதாக வாசித்ததில்லை. கார்ப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில் மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தார். தம்போயிலிருந்து பாசிர் கூடாங் வரைக்கும் எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளின் மீன் கறியில் அவர் அரைத்த தூள்தான் கொதித்தது. கடைக்காரர்கள் கொடுக்கும் காசோலைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வாரத்தில் மூன்று நாள், காலை பத்தரைக்கு, மஞ்சள் ஏறிய விரல்களோடு வங்கிக்குள் நுழைவார். அவர் நுழைந்த ஐந்தாவது நிமிடம் குளிர்சாதனக் காற்றில் மிளகாய் நெடி பரவும். ஒன்றாம் கவுண்டரில் ஒரு தும்மல் கிளம்பி இரண்டு, மூன்று என்று நடந்து நாலாவது கவுண்டருக்கு வந்து சேரும். நாலாவதில் நான்.

"என்ன ரீத்தாம்மா, தடுமனா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

காசோலை போடுவதற்கென்று வாசலிலேயே ஒரு இயந்திரம் வைத்திருந்தோம். நானா பிஸ்மில்லா சொல்லி ஒரு காசோலையை அதன் வாயில் கொடுப்பார். அது துப்பிவிடும். திருப்பிக் கொடுப்பார். மறுபடியும் துப்பும். காரணம் மஞ்சள் தூள். எழுத்து எது, தூள் எது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

"அலமாக்! முன்னால போட்டவரு செக்கை முழுங்குச்சு, என்னோடத மட்டும் துப்புது. ஏம்மா, என் செக்கு காரமா இருக்கா?"

"மஞ்சளா இருக்கு நானா. மெஷினுக்குக் கண்ணு தெரியல."

"மஞ்சள் நல்லதும்மா. கிருமி அண்டாது."

இப்படித்தான் அவர் இயந்திரத்தை விட்டுவிட்டு என் கவுண்டருக்கு நிரந்தரமாகக் குடிவந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஒருநாள், "இந்தச் செக்கு இங்கேயிருந்து எங்கே போகுது?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் வேறு எந்த வாடிக்கையாளரும் கேட்காத கேள்வி. எனக்கும் உற்சாகமாகிவிட்டது. முன்பெல்லாம் காகிதத்தையே மூட்டை கட்டி அனுப்புவோம், ஜொகூர் பாருவில் எல்லா வங்கி ஆட்களும் ஓரிடத்தில் கூடி உன்னுடையது இது, என்னுடையது இது என்று பிரித்துக்கொள்வார்கள், இப்போது அப்படியில்லை, இங்கேயே அதைப் படம் பிடித்துப் படத்தை மட்டும் அடுத்த வங்கிக்கு அனுப்புகிறோம், அவர்கள் கையெழுத்தையும் கணக்கில் இருப்பையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள் என்று விளக்கினேன்.

நானாவின் முகம் மாறிவிட்டது.

"போட்டோ புடிக்கிறீங்களா? இத முன்னாடியே சொல்றதில்லையா? கசங்கிப்போய்க் கிடந்துச்சே எல்லாம்!"

அடுத்த முறை வந்தபோது அவருடைய காசோலைகள் எல்லாம் இஸ்திரி போட்டு விறைப்பாக இருந்தன. அதில் ஒன்றில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. அதை எங்கள் மேனேஜர் புவான் ரோஸிடம், அதாவது ரோஸ் அம்மையாரிடம், காட்டினேன். புவான் ரோஸ் சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மலாய்ப் பெண்மணி. அன்றைக்குக் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

மறுநாள் நானா வந்து, "பாஸாயிருச்சா? அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல நானா. ஒண்ணும் சொல்லலேன்னா பாஸுன்னு அர்த்தம். வேணாம்னாத்தான் திருப்பி அனுப்புவாங்க."

"அப்ப நல்ல சேதிக்கு வாயே திறக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"என்ன மனுசங்கம்மா!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி அந்தக் கையெழுத்துக் கதை. எங்கள் கிளையில் இதைவிடப் பிரபலமான கதை கிடையாது. வருடக் கடைசியில் நடக்கும் ஊழியர் விருந்தில் இதை இரண்டு வருடம் நடித்துக் காட்டியவள் நான்தான்.

நானாவின் கையெழுத்து ஒரு அவரைக்கொடி. இடதுபக்கம் ஒரு கொக்கியில் புறப்பட்டு, ஏழெட்டுச் சுழி சுழித்து, மேலே ஒரு வளைவு வளைந்து, கடைசியில் வால் கீழே இறங்கி இரண்டு புள்ளி வைக்கும். ஒரு தடவை அவர் பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் மிளகாய் வியாபாரிக்குக் கொடுத்த காசோலை, கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பிவிட்டது. நானா நியாயம் கேட்க வந்தார்.

"நான் போட்ட கையெழுத்த என்னுது இல்லேன்னு சொல்ல நீங்க யாரு?"

"கோவிச்சுக்காதீங்க நானா. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. கணக்கு திறந்தப்ப நீங்க கார்டுல போட்ட மாதிரி வந்துச்சுன்னா மறுபடியும் அனுப்பச் சொல்றேன்."

முதல் கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தது. இரண்டாவதில் ஒரு சுழி கூடியது. மூன்றாவதில் வால் மேலே போய்விட்டது. நான் திரையைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினேன். நானாவின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்து நிறுத்தினார். நாலாவது. ஐந்தாவது. மறுபடியும் அடித்தது. "இரும்மா, இரும்மா" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் நிறுத்தினார். ஏழாவதில் அவருக்கு வியர்த்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்து எட்டிப் பார்த்தார்கள். எட்டாவதுக்கு ஒருவர் சொந்தப் பேனாவைக் கொடுத்தார். ஒன்பதாவதுக்கு நாற்காலி வந்தது. பத்தாவதில் புவான் ரோஸே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். பதினோராவது கையெழுத்து கொக்கி, சுழி, வால், புள்ளி எல்லாம் பிசகாமல் கார்டில் இருந்தபடியே வந்தது. நான் "ஓகே!" என்று கத்தினேன். வாசலில் நின்ற காவலாளி உட்பட எல்லோரும் கைதட்டினோம். நானா நெஞ்சில் கைவைத்து எல்லோருக்கும் சலாம் வைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். வேகமாக வெளியே போனார். பிஸ்கட் டின் கவுண்டரிலேயே கிடந்தது.

அதற்கும் சிரித்தோம்.

டின்னை எடுக்க அவர் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. தாடி வளர்ந்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. "எங்க நானா, ஆளையே காணோம்? ஊருக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா, வீட்ல கொஞ்சம் வேல" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதிலிருந்து அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாதம் பிறந்தால் தன் மகள் நஸீமாவின் பெயருக்கு முந்நூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒரு காசோலை எழுதுவார். அதைத் தபாலில் அனுப்பிவிட்டு, என் கவுண்டருக்கு வந்து காசோலைப் புத்தகத்தில் மிஞ்சிய அடிக்கட்டையைக் காட்டி, "இந்த நம்பர் வந்துச்சா?" என்பார். நஸீமா தன் வங்கியில் அதைப் போட்டால் படம் எங்களுக்கு வரும். நாங்கள் பார்த்துச் சம்மதித்தால்தான் பணம் போகும். நான் தேடிப் பார்ப்பேன்.

"வரல நானா."

"சரி. நாளைக்கு வரும்."

நாளைக்கும் வராது. அடுத்த மாதம் இன்னொன்று எழுதுவார். அதுவும் வராது. காசோலைக்கு ஆயுள் ஆறு மாதம். ஆறு மாதம் கழிந்தால் அது வெறும் காகிதம். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் முடியும்போது நானா என் எதிரிலேயே அந்த அடிக்கட்டையின் மேல் ஒரு கோடு கிழிப்பார். ஸ்கேல் வைத்துக் கிழிப்பார். நான் அதையும் கதையாக்கினேன். "நானா பேய்க்குச் செக் எழுதறாரு" என்று உணவு வேளையில் சொல்லிச் சிரித்தேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. ஒருநாள் மழை. வங்கியில் கூட்டமே இல்லை. பொறுக்கமாட்டாமல் நானே கேட்டேன்.

"ஏன் நானா இப்படிக் கஷ்டப்படறீங்க? மகளோட அக்கவுண்ட் நம்பரைச் சொல்லுங்க. போன்லயே அனுப்பிடலாம். ஒரு நொடி வேலை."

"நம்பர் தெரியும்மா. படிக்கறப்பவே நாந்தான் கணக்கு திறந்து கொடுத்தேன்."

"அப்புறம் என்ன?"

"போன்ல அனுப்பினா அவ கேக்காமலே போய் அங்க உக்காந்துக்கும். அவளுக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. செக்குன்னா அப்படி இல்ல பாரு. அத்தா அனுப்பினத அவ கையில எடுக்கணும். பேங்க் வரைக்கும் கொண்டு போகணும். போடலாம்னு அவளுக்குத் தோணணும்." டின் மூடியை அழுத்தி மூடினார். "தோணிச்சுன்னா உன் திரையில வருமில்ல? அதத்தான் தினமும் கேக்கறேன்."

அதற்குப் பிறகு அவராகவே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அடிக்கட்டையைப் பார்த்துச் சொன்னார்.

"அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தா. நெஞ்சு வலி. சரியாயிருச்சு, இன்னிக்கி வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு டாக்டரே சொன்னாரு. நஸீமா பக்கத்துல இருந்தா. நான் இந்தச் செக்கு வேலைய முடிச்சுட்டு வண்டிய எடுத்துக்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். நஸீமா போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கூட்டிட்டுப் போகத்தான் அவசரப்படறான்னு நினைச்சேன். கையெழுத்து வரல. உனக்கு ஞாபகம் இருக்கா ரீத்தாம்மா, பதினோரு தடவ போட்டேனே?"

எனக்கு ஞாபகம் இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? விருந்து மேடையில் காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு அவருடைய வியர்வை துடைப்பதைக்கூட நடித்தவள் நான். கைப்பேசியை நிறுத்தும் கட்டத்துக்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

"நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நஸீமா ஒரே ஒரு வார்த்ததான் கேட்டா. 'உங்களுக்கு எது பெரிசு அத்தா?'ன்னு கேட்டா. அதோட பாசிர் கூடாங் போயிட்டா. அங்கதான் ஒரு கம்பெனியில எண்ணெய் சோதிக்கற லேப்ல வேல. போன எடுக்கறதில்ல. போயி நின்னேன், கதவத் திறக்கல. அவ மேல தப்பு இல்லம்மா."

ஒரு தடவையாவது "போனை எடுங்க நானா, நான் காத்திருக்கேன்" என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அது எந்த வங்கிச் சட்டத்துக்கும் விரோதமில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

"மழை விட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் டின்னை எடுத்துக்கொண்டு போனார். அந்த வருட விருந்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு அவருடைய கையெழுத்து மெல்ல மெல்ல மெலிந்தது. எட்டுச் சுழி ஆறானது. ஆறு நாலானது. கை நடுங்குவதை டின் மூடியைத் திறக்கும்போதே பார்ப்பேன். "நானா, புதுசா ஒரு கையெழுத்து மாதிரி கொடுத்துடுங்க, கார்டுல மாத்திடறேன். இல்லேன்னா ஒருநாள் திரும்பிடும்" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன்.

"ஆளு அதே ஆளுதானேம்மா. கையெழுத்த மட்டும் எதுக்கு மாத்தணும்? நடுக்கம் நின்னுரும்லா" என்பார்.

போன வருடம் ஒரு மாதம் திடீரென்று அவர் வருவது நின்றது. முதல் வாரம் மழை என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் தும்மல் வராமல் வேலை ஓடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை, கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்ட காசோலைகள் வழக்கம்போல என் திரைக்கு வந்தன. இரண்டைப் பார்த்து முடித்தேன். மூன்றாவதைத் திறந்தேன்.

முந்நூறு வெள்ளி. நஸீமாவின் பெயர்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொக்கியும், கீழே இழுத்துக்கொண்டு போன ஒரு கோடும்தான் இருந்தன. கொடியில் ஒரு சுழிகூட மிச்சமில்லை. பிற்பகல் மூன்று மணிக்குள் காசோலையை எழுதியவரிடமிருந்து உறுதி கிடைக்காவிட்டால் அதைத் திருப்பித்தான் அனுப்பவேண்டும். இரண்டே முக்கால் வருடம் காத்திருந்து வந்தது. அது எப்படித் திரும்பிப் போகலாம்?

நானாவின் கைப்பேசி அணைந்திருந்தது. மில்லுக்குப் போட்டேன். வேலையாள் எடுத்து, நானாவுக்குப் பக்கவாதம், வீட்டிலேயே ஒருமுறை வந்தது, போன வாரம் மறுபடியும் வந்துவிட்டது, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மலாயில் சொன்னான்.

புவான் ரோஸ் அறைக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "படத்தை அச்செடுத்துக்கொண்டு போ. அங்கே போய் எனக்கு போன் போடு. நான் அவரிடம் நேரடியாகக் கேட்கிறேன். கைநாட்டும் வாங்கிக்கொள்" என்றார்.

ஸ்கூடாய் சாலையில் சிங்கப்பூர்க் கார்களுக்கு நடுவில் நான் அன்று ஓட்டியதை என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வார்டில் நானா சுவரோரக் கட்டிலில் இருந்தார். வாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் குனிந்து, "நானா, வந்திருச்சு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, குழறலாக, "எந்த மாசத்துச் செக்கு?" என்று கேட்டார்.

"கடைசியா எழுதினது நானா."

"அய்யோ. அதுல எழுத்து நல்லாயிருக்காதே."

புவான் ரோஸுக்கு போன் போட்டு அவர் காதருகில் பிடித்தேன். இந்தக் காசோலையை நீங்கள்தான் எழுதினீர்களா என்று அவர் மலாயில் கேட்டது எனக்கும் கேட்டது. நானா தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னார். "யா, புவான். சாயா துலிஸ். உந்தோக் அனாக் சாயா." ஆமாம், நான்தான் எழுதினேன், என் மகளுக்கு.

கைநாட்டு வாங்கினேன். பிறகு அச்செடுத்த தாளில் காசோலையின் பின்பக்கத்தைக் காட்டினேன். போடுகிறவர்கள் தங்கள் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அங்கே எழுதுவது வழக்கம். நானா நல்ல கையால் தாளைப் பிடித்துக் கண்ணருகில் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டிருக்கா பாரு. அவங்க அம்மா அப்படித்தான் போடுவா."

"போன் நம்பர் இருக்கு நானா."

"நம்பர நான் பாக்கல. காட்டினேன்னு நீ மாட்டிக்குவே. எழுத்தத்தான் பாக்கறேன்."

பாஸாகிவிட்டது. கிளைக்குத் திரும்பி, மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அனுமதிப் பொத்தானை அழுத்தினேன். பிறகு கை தொலைபேசிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. புவான் ரோஸ் என் பின்னால் வந்து நின்று, "அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, காசோலை பாஸாகிவிட்டது என்று சொல். கையெழுத்தை எங்கே போய் உறுதி செய்தோம் என்பதையும் சொல். யாராவது கேட்டால் மேனேஜர் சொன்னார் என்று சொல்" என்றார். இருபத்தோரு வருடத்தில் நான் இன்னொரு வங்கியின் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

கூப்பிட்டேன், நஸீமா எடுக்கவில்லை; லேப்பில் கைப்பேசி வைத்திருக்கக்கூடாதாம். ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு அவளே திருப்பிக் கூப்பிட்டாள்.

"பேங்க்ல இருந்து கூப்பிட்டீங்களா? அந்தச் செக் திரும்பிடுச்சா அக்கா?"

"இல்லம்மா. பாஸாயிடுச்சு."

"அப்ப அத்தா இருக்காரா?"

"என்னம்மா கேக்கறே?"

"கையெழுத்தப் பாத்தேன் அக்கா. அத்தா அப்படிப் போட மாட்டாரு. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மில்லுக்குப் போன் போடறது? ஆளு போயிட்டா பேங்க்ல செக்கை நிறுத்திடுவாங்கன்னு சொல்வாங்க இல்ல? அதான் போட்டுப் பாத்தேன். பாஸானா இருக்காருன்னு..."

வார்டு எண்ணையும் கட்டில் எண்ணையும் சொன்னேன். அன்று மாலைப் பார்வையாளர் நேரத்துக்கே போய்விட்டாள். அப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் சனிக்கிழமை போகலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மில் வேலையாள் கூப்பிட்டு நானா போய்விட்டார் என்றான். மகள் பக்கத்தில் இருந்தாளாம்.

ஒரு மாதம் கழித்து நஸீமா கிளைக்கு வந்தாள். தலையில் கறுப்புத் துடுங், தொழிற்சாலைச் சட்டை. இறப்புச் சான்றிதழும், ஒரு பிளாஸ்டிக் உறையும் கொண்டுவந்திருந்தாள். உறைக்குள் அவள் போடாமல் வைத்திருந்த காசோலைகள் மாத வாரியாக அடுக்கியிருந்தன. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

"இதெல்லாம் பேங்குக்குத் திருப்பிக் கொடுக்கணுமா அக்கா?"

"வேணாம்மா. நீயே வச்சுக்க."

அவளை உட்காரவைத்து மைலோ வாங்கிக் கொடுத்தேன். மனதில் இருந்ததை இனியும் வைத்திருக்க முடியவில்லை. "நஸீமா, அன்னிக்கி உங்க அத்தாகிட்ட திரும்பத் திரும்பக் கையெழுத்து வாங்கினது நான்தான்" என்றேன்.

"தெரியும். அத்தா சொன்னாரு. 'அந்தப் புள்ள என்ன பண்ணும், அதோட வேலை அது'ன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு நாளும் என்ன கேட்டாரு தெரியுமா? எந்த பேங்க்ல போட்டே, மெஷின்லயா கவுண்டர்லயா, ஒரே தடவையில முழுங்குச்சான்னு. அத்தனையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் அம்மாவப் பத்திப் பேச்சையே எடுத்தாரு. நான் அழுதுட்டே கேட்டேன், ஏன் அத்தா போனை எடுக்கலன்னு. 'இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான், சரியா வந்துட்டா ஓடி வந்துடலாம்னு இருந்தேன்'னாரு. ஒவ்வொண்ணுக்கும் அப்படித்தான் நினைச்சாராம்."

பிறகு அவள் கேட்டாள் என்று, இஸ்திரி போட்ட கதையைச் சொன்னேன். இயந்திரம் துப்பிய கதையைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பில் வாய் அவர் வாய் போலவே போனது. வரிசையில் இருந்தவர்களைப் புவான் ரோஸ் மற்ற கவுண்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

கணக்கை மூடுவதற்கான படிவத்தை நிரப்பினோம். கடைசிப் பக்கத்தில் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். நஸீமாவோடு யாரும் வந்திருக்கவில்லை. புவான் ரோஸிடம் கேட்டுவிட்டு நானே போட்டேன். கையெழுத்துக்குக் கீழே, இறந்தவரோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்டு ஒரு சின்னக் கோடு இருந்தது.

வாடிக்கையாளர் என்று எழுதினேன். வேறு எதுவும் எழுத அந்தக் கோட்டில் இடம் இல்லை.